போய்ப் பாக்காமலே வீடு பிடிச்சது: மேப், ஏ4 பேப்பர், ஒரு நீளமான வீடியோ கால்

வேற ஊர்ல வேலை கிடைச்சாச்சு, ஜாயினிங் தேதியும் முடிவாயிடுச்சு, ஆனா அந்த ஊர்ல கால் வெச்சதே கிடையாது, முன்னாடி ஒரு நடை போய்ப் பாத்துட்டு வர லீவும் இல்ல. முதல் வாடகை வீட்ட இருந்த இடத்துல இருந்தே தேடிப் பிடிக்க வேண்டியதாப் போச்சு. அத எப்படி செஞ்சேன், எந்த வேலை பலன் குடுத்துச்சு, எது குடுக்கலன்னு விவரமா எழுதுறேன், இதே நிலைமைல இருக்கிற யாருக்காவது உதவும்.

முதல்லயே ஒன்னு சொல்லிடறேன். போய் இறங்கி கொஞ்ச நாள் எங்கயாவது தற்காலிகமா தங்கி, நேர்ல நாலு வீடு ஏறி இறங்கிப் பாத்து எடுக்க வசதி இருந்தா அப்படியே பண்ணுங்க, அதுக்கு ஈடா எதுவும் இல்ல. அந்த வசதி இல்லாதவங்களுக்குத்தான் இது.

லிஸ்டிங்ல, அதாவது ஆன்லைன்ல போடற வாடகை விளம்பரத்துல, இருக்கிற போட்டோ எல்லாமே வீடு விடுறவங்க தேர்ந்தெடுத்தது. எந்த மூலைய காட்டறது, எந்த நேரத்துல எடுக்கறது, எந்த லென்ஸ்ல எடுக்கறதுன்னு எல்லாமே அவங்க முடிவு. அத எவ்ளோ உத்துப் பாத்தாலும் அவங்க காட்டாம விட்டது நமக்குத் தெரியப் போறதில்ல. அதனால அவங்க காட்டறத பாக்கறத கொறச்சுட்டு, நான் கேக்கறத அவங்க காட்டணும்ங்கற மாதிரி மொத்த தேடலையும் திருப்பி வெச்சேன். கீழ வர்ற எல்லாமே அந்த ஒரு விஷயத்துல இருந்து வந்ததுதான்.

வீட்ட தேடறதுக்கு முன்னாடி ஏரியாவ முடிவு பண்ணேன். ஏரியான்னா பேர் இல்ல, நேரம். மேப்ல ஆபீஸ சென்டரா வெச்சு வட்டம் போட்டா அது தூரத்தத்தான் சொல்லும், நடுவுல ஒரு ஆறோ ரயில் லைனோ இருந்தா பக்கத்துல இருக்கற இடமே சுத்திக்கிட்டுப் போற இடமாயிடும். கூகுள் மேப்ஸ்ல வழி கேக்கும்போது இத்தன மணிக்குப் போய்ச் சேரணும்னு நேரம் குடுக்கலாம், அதுல வேலை நாள் காலைய வெச்சுப் பாத்தேன், கார் வழிக்கு அது ஒரே எண்ணா சொல்லாம 25ல இருந்து 50 நிமிஷம்ங்கற மாதிரி ரெண்டு எண்ணா சொல்லும், நான் எப்பவும் பெரிய எண்ணத்தான் எடுத்துக்கிட்டேன். சாயங்காலம் திரும்பி வர்றதுக்கு தனியா பாக்கணும், காலைல சுலபமா இருக்கற ரோடு சாயங்காலம் அப்படி இருக்காது. கடைசி பஸ், கடைசி ரயில் எத்தன மணிக்குன்னும் அப்பவே பாத்துட்டேன். இதுலயே பாதி ஏரியா அடிபட்டுப் போச்சு, மிச்சம் இருந்தத மட்டும் பாத்தா போதும்ங்கறது பெரிய நிம்மதி.

அடுத்தது தெரு. கூகுள் மேப்ஸ்ல தெருவ போட்டோவா காட்டற ஸ்ட்ரீட் வியூ 2007ல இருந்து இருக்கு, எல்லா ஊர்லயும் எல்லா தெருவும் இருக்காது, ஆனா இருக்கற இடத்துல அதவிட நல்ல கருவி இல்ல. பஸ் ஸ்டாப்ல ஆரம்பிச்சு வீட்டு வாசல் வரைக்கும் ஒவ்வொரு க்ளிக்கா நடந்து பாத்தேன். நடைபாதை இருக்கா, தெரு விளக்கு எத்தன கம்பத்துக்கு ஒன்னு இருக்கு, கடைங்க திறந்திருக்கா இல்ல ஷட்டர் போட்டு வருஷக்கணக்காச்சா, இதெல்லாம் தெரியும். படம் எந்த மாசம் எந்த வருஷம் எடுத்ததுன்னு அங்கயே போட்டிருக்கும், அத கண்டிப்பா பாருங்க. 2014ல இருந்து கம்ப்யூட்டர்ல பழைய படங்களையும் திருப்பிப் பாக்கலாம், ஒரே தெருவ வேற வேற வருஷத்துல வெச்சுப் பாக்கும்போது அந்த இடம் மேல வருதா கீழ போகுதான்னு ஒரு ஐடியா கிடைக்கும். பகல்ல எடுத்த படம்ங்கறதால ராத்திரி அந்த தெரு எப்படி இருக்கும்னு மட்டும் இதுல தெரியாது.

சேட்டிலைட் படத்துல நான் தேடினது வேற. வீட்டுக்கு ஒட்டுனாப்ல காலி மனை இருந்தா நாளைக்கு அங்க கட்டடம் எழும்பும், அஸ்திவாரத்துக்கு தூண் இறக்கற பைலிங் சத்தமும் தூசியும் நம்ம ஜன்னல் வழியாத்தான் வரும். ரயில் லைன், பெரிய ரோடு, மண்டபம், ஸ்கூல் மைதானம், எது எவ்ளோ பக்கம்னு பாத்துக்கிட்டேன். அப்புறம் தண்ணி. கூகுள் எர்த் ப்ரோல ஒரு கோடு வரைஞ்சா அந்தக் கோடு நெடுக தரை எவ்ளோ உயரத்துல இருக்குன்னு கிராஃப் போட்டுக் காட்டும், ஓசிதான். மெயின் ரோட்டுல இருந்து வீட்டு வாசல் வரைக்கும், அங்க இருந்து பக்கத்து ஏரி வாய்க்கால் வரைக்கும்னு கோடு போட்டுப் பாத்தேன். ஒரு வீடு சுத்தி இருக்கற எல்லாத்தையும் விட பள்ளத்துல இருந்துச்சு, கிரவுண்ட் ஃப்ளோர் வேற, உடனே லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டேன். அந்த உயரக் கணக்கு பல மீட்டர் கூட முன்னப்பின்ன இருக்கலாம், அதனால சின்ன வித்தியாசத்த நம்பி முடிவெடுக்காதீங்க, தெளிவா கிண்ணம் மாதிரி தெரிஞ்சா மட்டும் கவனிங்க.

இப்ப போட்டோவுக்கு வர்றேன், இங்கதான் நான் ரொம்ப நேரம் செலவு பண்ணேன். போன்ல இருக்கற அல்ட்ரா வைட் லென்ஸ் சுமார் 120 டிகிரி அகலத்துக்குப் பிடிக்கும், சாதாரண மெயின் லென்ஸ் சுமார் 80 டிகிரி. அல்ட்ரா வைட்ல எடுத்தா சின்ன ரூம் கூட ஹால் மாதிரி தெரியும். கண்டுபிடிக்கறது சுலபம், படத்தோட ஓரத்துல இருக்கற வட்டமான பொருள பாருங்க, சுவர்க் கடிகாரம், மின்விசிறி, வாஷ்பேசின், எதுவா இருந்தாலும் நீள்வட்டமா இழுபட்டுத் தெரியும். கிட்ட இருக்கற பொருள் பூதாகரமாவும் எதிர் சுவர் எங்கயோ தூரத்துலயும் இருக்கும்.

சரி பெருசா காட்டறாங்கன்னு தெரிஞ்சாச்சு, உண்மையான அளவ எப்படி எடுக்கறது? தரை டைல்ஸ எண்ணுங்க. படம் எவ்ளோ இழுத்தாலும் டைல்ஸோட எண்ணிக்கை மாறாது. ஒரு டைல் என்ன அளவுன்னு தெரிஞ்சா போதும், அதுக்கு ஏ4 பேப்பர். ஏ4 பேப்பரோட நீளம் 297 மில்லிமீட்டர், ரெண்டு பேப்பர நீளவாக்குல ஒட்டி வெச்சா 594, அதாவது 60 சென்டிமீட்டர் டைலோட ஓரத்துக்கு கிட்டத்தட்ட சரியா உக்காரும். நான் ப்ரோக்கர்கிட்ட கேட்டது இது ஒன்னுதான்: ஒரு டைல் ஓரத்துல ரெண்டு ஏ4 பேப்பர் வெச்சு மேல இருந்து ஒரு போட்டோ அனுப்புங்க. டேப் எடுத்துட்டுப் போய் அளந்து சொல்லுங்கன்னா யாரும் செய்ய மாட்டாங்க, இது ஒரு நிமிஷ வேலைங்கறதால செஞ்சாங்க. அமெரிக்கா கனடா பக்கம்னா லெட்டர் சைஸ் பேப்பர்தான் இருக்கும், அது 279 மில்லிமீட்டர் நீளம், கணக்க மாத்திக்கணும்.

பெட்ரூம் ஒரு பக்கம் 5 டைல், இன்னொரு பக்கம் 6 டைல். 3 மீட்டருக்கு 3.6 மீட்டர். இது வெறும் நம்பரா இருக்கற வரைக்கும் மனசுல ஏறாது, அதனால இருந்த இடத்துல ஒரு காலித் தரையில மாஸ்கிங் டேப் ஒட்டி அந்த ரூம முழு அளவுல வரைஞ்சேன். உள்ள 1.5க்கு 2 மீட்டர் கட்டில், 60 சென்டிமீட்டர் ஆழத்துல அலமாரி, எல்லாம் டேப்ல. கட்டில 3 மீட்டர் பக்கமா நீட்டிப் போட்டா எதிர்ல அலமாரி வெச்சதுக்கப்புறம் மிச்சம் 40 சென்டிமீட்டர்தான், அதுல அலமாரிக் கதவே திறக்க முடியாது. கட்டிலத் திருப்பி 3.6 பக்கமா நீட்டினா 1 மீட்டர் கிடைக்குது, தாராளமா நடக்கலாம். ஆனா அதுக்கு கட்டில் தலைமாடு வர்ற சுவர்ல ரூம் கதவு இருக்கக் கூடாது. கதவு எந்தச் சுவர்ல இருக்கு, எந்தப் பக்கம் திறக்குதுன்னு கேட்டு அதையும் டேப்ல வரைஞ்சேன். அந்தக் கட்டத்துக்குள்ள நடந்து பாத்தப்பதான் எனக்கு அது ஒரு ரூமா தெரிஞ்சுது, அதுவரைக்கும் அது ஒரு படம். இந்த ஒரு வேலைய மட்டும் யாரும் தவற விடாதீங்க.

வெயிலும் இப்படித்தான், கணக்குல வந்துடும். மேப்ல கட்டடம் எந்தத் திசையப் பாத்து நிக்குதுன்னு தெரியும், சன்கால்க்னு ஒரு வெப்சைட் இருக்கு, அதுல அந்த இடத்த வெச்சு தேதியும் நேரமும் குடுத்தா சூரியன் எந்தப் பக்கம் எவ்ளோ உயரத்துல இருக்கும்னு காட்டும். மேற்குப் பாத்த ரூம்னா சாயங்கால வெயில் சுவர்ல ஏறி ராத்திரி வரைக்கும் உள்ள சூடு விட்டுக்கிட்டே இருக்கும், மொட்டை மாடிக்குக் கீழ இருக்கற கடைசி ஃப்ளோர்னா மேல இருந்தும் அதே கதை. குளிர் ஊருக்குப் போறவங்களுக்கு இது தலைகீழ், அவங்க வெயில் வர்ற ரூமத்தான் தேடணும், பூமத்திய ரேகைக்கு நல்லா வடக்க இருக்கற ஊர்னா தெக்குப் பாத்த ஜன்னல், நல்லா தெக்க இருக்கற ஊர்னா வடக்குப் பாத்த ஜன்னல். இதோட எதிர்க் கட்டடத்தையும் சேத்துப் பாக்கணும். நம்ம ஜன்னல விட 12 மீட்டர் உயரமா, 6 மீட்டர் தள்ளி ஒரு கட்டடம் நிக்குதுன்னா அந்தப் பக்கத்து சூரியன் 63 டிகிரிக்கு மேல ஏறினாத்தான் நம்ம ஜன்னலுக்கு வெளிச்சம், அதாவது நிறைய ஊர்ல நிறைய மாசம் நேர் வெயிலே வராது.

வீடியோ கால். நான் வெச்ச கண்டிஷன் ரெண்டே ரெண்டு, தெருவுல இருந்து ஆரம்பிக்கணும், நடுவுல கட் பண்ணக் கூடாது. தெருவுல ஆரம்பிக்கச் சொன்னதுக்குக் காரணம், ஸ்ட்ரீட் வியூல நான் பாத்த அதே வாசல்தானா, போட்டோல இருக்கற வீடு அந்தக் கட்டடத்துக்குள்ளதான் இருக்கான்னு ஒரே ஓட்டத்துல தெரிஞ்சுடும். இங்கயே ஒரு வீடு போச்சு. போட்டோல எல்லாத்தையும் விட அழகா இருந்த வீடு அது, புது பெயின்ட், புது கிச்சன், ஆனா லைவ் கால் மட்டும் வேண்டாம், வீடியோ எடுத்து அனுப்பறோம்னே சொல்லிக்கிட்டிருந்தாங்க. அவங்களுக்கு நியாயமான காரணம் ஏதாவது இருந்திருக்கலாம், எனக்கு அது தேவையில்ல, நான் கேக்கறத காட்டாத வீட்ட எடுக்கறதில்லன்னு முன்னாடியே முடிவு பண்ணியிருந்தேன்.

உள்ள போனதும் முதல்ல தண்ணி. 10 லிட்டர் பக்கெட்ட பாத்ரூம் குழாய்ல வெச்சு முழுசா திறக்கச் சொல்லிட்டு நேரம் பாத்தேன். ஒரு நிமிஷத்துல நிறைஞ்சா நிமிஷத்துக்கு 10 லிட்டர், ஷவருக்குத் தாராளம், ரெண்டு நிமிஷம் ஆனா 5 லிட்டர், சமாளிக்கலாம், அதுக்கும் மேலன்னா தினமும் காலைல எரிச்சல்தான். அந்தக் குழாய் ஓடும்போதே கிச்சன் குழாயத் திறந்து ஃப்ளஷ்ஷும் பண்ணச் சொன்னேன், பிரஷர் எவ்ளோ விழுதுன்னு பாக்க. அப்புறம் பாத்ரூம் தரையில ஒரு மக் தண்ணி ஊத்தச் சொன்னேன், அது வடிகாலப் பாத்து ஓடுதா இல்ல அங்கயே நிக்குதான்னு பாத்தா வாட்டம் சரியா இருக்கான்னு தெரிஞ்சுடும்.

ஈரத்துக்கு ஒரு நல்ல வழி இருக்கு. சுவர நேரா லைட் அடிச்சுப் பாத்தா எல்லாம் சமமாத்தான் தெரியும், டார்ச்ச சுவரோட ஒட்டிப் பிடிச்சு பக்கவாட்டுல அடிக்கச் சொல்லுங்க, பெயின்ட் உப்பினது, பூச்சு பொரிஞ்சது, ஒட்டுப் போட்டது எல்லாம் நிழல் விழுந்து காட்டிக் குடுத்துடும். பாத்ரூமுக்குப் பின்பக்கச் சுவர், சீலிங் மூலை, ஜன்னலுக்குக் கீழ, சிங்குக்கு அடியில, இந்த நாலு இடம். வெள்ளையா பொடி மாதிரி பூத்திருந்தா அது சுவர் வழியா தண்ணி வந்து காஞ்சு விட்டுட்டுப் போன உப்பு. ஒரே சுவர்ல ஒரு பகுதிக்கு மட்டும் புது பெயின்ட் அடிச்சிருந்தா ஏன்னு கேளுங்க.

சத்தம் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா இதுல நிறைய பேர் ஏமாந்து போக வாய்ப்பு இருக்கு. வீடியோ கால் ஆப் எல்லாம் பேச்சுக் குரல் தெளிவா கேக்கறதுக்காக பின்னணிச் சத்தத்த தானாவே அமுக்கிடும், ட்ராஃபிக் இரைச்சல், மோட்டார் ஓடறது, ஃபேன் சத்தம்னு ஒரே சீரா வர்ற சத்தம்தான் முதல்ல காணாம போகும். அதனால கால்ல அமைதியா இருந்துச்சுங்கறதுக்கு எந்த அர்த்தமும் இல்ல. போன்ல இருக்கற வாய்ஸ் ரெக்கார்டர்ல ஒரு நிமிஷம் பதிவு பண்ணி ஃபைலா அனுப்பச் சொன்னேன், பெட்ரூம் ஜன்னல் திறந்து ஒன்னு, மூடி ஒன்னு, அதையே ராத்திரியும். டெசிபல் ஆப் காட்டற எண்ண அப்படியே நம்ப முடியாது, போனுக்குப் போன் மாறும், ஆனா ஒரே போன்ல ஜன்னல் திறந்ததுக்கும் மூடினதுக்கும் உள்ள வித்தியாசம் உபயோகமானது. 10 டெசிபல் கொறஞ்சா காதுக்கு சத்தம் பாதியான மாதிரி இருக்கும். ஜன்னல மூடியும் ரெண்டு மூணு டெசிபல்தான் இறங்குதுன்னா அந்த ஜன்னல் எங்கயோ சரியா மூடல.

சிக்னல் பாக்கறதுக்கு தனியா எதுவும் வேண்டாம், வைஃபைய அணைச்சுட்டு நான் வெச்சிருக்கற அதே நெட்வொர்க் சிம்ல காலத் தொடரச் சொன்னேன், எந்த ரூம்ல படம் உடையுதோ அங்க எனக்கும் உடையும். கரென்ட் மீட்டர், சுவிட்ச் போர்டு, பூட்டு, ஜன்னல் கொக்கி, இதெல்லாம் அப்படியே ஒரு ஓட்டம் பாத்ததோட சரி.

வாசனை மட்டும் எந்த போன்லயும் வராது. அதுக்கு ஒரு ஆள் நேர்ல போய்த்தான் ஆகணும். நண்பரோட நண்பர் ஒருத்தர் அந்த ஊர்ல இருந்தாரு, முன்பின் பழக்கம் இல்ல. அவர்கிட்ட வீடு எப்படி இருக்குன்னு கேட்டா நல்லாருக்குங்கன்னுதான் சொல்லுவாரு, அந்தக் கேள்விக்கு வேற பதில் வராது. அதனால மூணு வேலை மட்டும் சொன்னேன்: கதவத் திறந்ததும் முதல் மூச்சுல என்ன வாசனை வருதுன்னு சொல்லுங்க, பாத்ரூம் கதவ சாத்தி கொஞ்ச நேரம் கழிச்சு திறந்து அதே மாதிரி பாருங்க, மாடிப்படில யாராவது வந்தா இங்க தண்ணி எப்படிங்கன்னு மட்டும் கேளுங்க. மூணாவது கேள்விதான் பொன்னானது. குடியிருக்கறவங்க வீடு பிடிச்சுக் குடுக்கறவங்க மாதிரி யோசிச்சுப் பேச மாட்டாங்க, தண்ணில ஆரம்பிச்சு லிஃப்ட், பக்கத்து வீடு, ஓனர் எப்படின்னு எல்லாம் வந்துடும். தன் வேலைய விட்டுட்டு நமக்காக ஒரு தெரியாத மனுஷர் வெயில்ல போய் நின்னாருங்கறது எனக்கு இன்னமும் பெரிய விஷயம்.

பணம் பத்தி. காசு அனுப்பறதுக்கு முன்னாடி லிஸ்டிங் போட்டோ எல்லாத்தையும் ரிவர்ஸ் இமேஜ் சர்ச்ல போட்டுப் பாத்தேன், அதாவது ஒரு படத்தக் குடுத்தா அது வேற எங்கெல்லாம் இருக்குன்னு தேடறது, கூகுள்ல ஒரு தடவ, டின்ஐ (TinEye) வெப்சைட்ல ஒரு தடவ. அதே படம் வேற ஊர்ல வேற வாடகைக்கு வந்தா அந்த வீடே கிடையாதுன்னு அர்த்தம். ஓனர் வெளிநாட்டுல இருக்கேன், அட்வான்ஸ் போட்டுடுங்க சாவிய கூரியர்ல அனுப்பறேன்னு வந்தா அங்கயே நிறுத்திடுங்க, இது உலகம் முழுக்க ஒரே மாதிரி நடக்கற மோசடி. அக்ரிமென்ட்ல இருக்கற பேர், வீடு யாருதுன்னு காட்டற பேப்பர்ல இருக்கற பேர், பேங்க் அக்கவுன்ட்ல இருக்கற பேர், மூணும் ஒன்னா இருக்கணும். இன்னும் ரெண்டு பேர் கேக்கறாங்க, இன்னைக்கே போட்டாத்தான்னு அவசரப்படுத்தினா அது உண்மையாவே இருந்தாலும் பரவால்ல, விட்டுடலாம். தூரத்துல இருந்து தேடறவங்களுக்கு அவசரம்தான் பெரிய ஆபத்து.

மார்க் போட்டு ஷீட் தயாரிக்கற வழி ஒன்னு இருக்கு, வாடகைக்கு இத்தன, வெளிச்சத்துக்கு இத்தனன்னு கூட்டி அதிகம் வந்தத எடுக்கறது. எனக்கு அது பிடிக்கல. தண்ணி வராத வீட்டுக்கு பால்கனி அழகா இருக்குன்னு மார்க் ஏறி கூட்டுத்தொகைல ஜெயிச்சுடும். அதுக்குப் பதிலா ஒத்துக்க முடியாதது எதுன்னு நாலஞ்சு மட்டும் எழுதி வெச்சுக்கிட்டு, அதுல ஒன்னு இருந்தாலும் வீடு வேண்டாம்னு வெச்சேன். மிஞ்சினது கொஞ்சம் பழைய வீடு, டைல்ஸ் மங்கல், கிச்சன் சின்னது, ஆனா கேட்டத எல்லாம் முகம் சுளிக்காம காட்டினாங்க. அந்த ஓனர் பக்கெட் நிறையற வரைக்கும் போனப் பிடிச்சுக்கிட்டு பொறுமையா நின்னதே எனக்கு பாதி பதில் சொல்லிடுச்சு, நாளைக்கு குழாய் ஒழுகுதுன்னு கூப்பிட்டா இவர் எடுப்பாருன்னு தோணுச்சு. அக்ரிமென்ட்ல ஒன்னே ஒன்னு மட்டும் கூடுதலா கேட்டு வாங்கினேன், ஆரம்பக் காலத்துல காலி பண்ணா நோட்டீஸ் பீரியட் கம்மி. பாக்காம எடுக்கறவங்க வாடகைல பேரம் பேசறத விட இதுல பேசறது நல்லது.

போய் இறங்கினதும் பாத்தேன், ரூம் அளவு டேப்ல வரைஞ்ச அதேதான், கட்டில் நினைச்ச இடத்துல நினைச்ச மாதிரி உக்காந்துச்சு. வெயில் கணக்கும் சரி. பிடிபடாதது ஒன்னு இருந்துச்சு, விடியக்காலைல டேங்குக்கு தண்ணி ஏத்தற மோட்டார் பெட்ரூம் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடுது, சுவரே அதிருது. ராத்திரி பதிவுலயும் பகல் பதிவுலயும் அது வர வாய்ப்பே இல்ல. ஓனர்கிட்ட சொன்னேன், மோட்டாருக்கு அடியில ரப்பர் பேட் வெச்சுக் குடுத்தாரு, முக்கால்வாசி அடங்கிடுச்சு. இப்ப யாராவது கேட்டா மோட்டார் எங்க இருக்கு, எத்தன மணிக்கு ஓடும்னு கேக்கறதையும் சேத்துச் சொல்றேன்.

கடைசியா, சாவி வாங்கின அன்னைக்கு செய்ய வேண்டியது. சாமான உள்ள ஏத்தறதுக்கு முன்னாடி, காலி வீட்ட ஒரே வீடியோவா எடுங்க, ஒவ்வொரு சுவர், கதவுக்குப் பின்னாடி, குழாய், கண்ணாடி, மீட்டர் ரீடிங். ஏற்கனவே இருக்கற கீறல், விரிசல், உடைஞ்ச கைப்பிடி எல்லாத்தையும் கிட்டப் போய் எடுங்க. அத போன்லயே வெச்சுக்காம அன்னைக்கே ஓனருக்கு அனுப்பி, இது நான் வந்தப்ப இருந்த நிலைமைன்னு எழுதி, பாத்துட்டேன்னு ஒரு பதில் வாங்கிக்கோங்க. அதுக்கப்புறம் வண்டில இருந்து சாமான இறக்கலாம்.